தராசைப் பார்ப்பது யார்?

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் இருக்கும் மின்னணுத் தராசின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஈய முத்திரை தொங்குகிறது. பல வருடம் அங்கே அரிசியும் பருப்பும் வாங்கியும் நான் அதைக் கவனித்ததில்லை. ஒருநாள் கடைக்காரரே தராசைத் திருப்பிக் காட்டினார். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை தராசைச் சோதித்து, உள்ளே கைவைக்க முடியாதபடி கம்பி கட்டி, ஈயத்தில் முத்திரை குத்தித் தருகிறார். கம்பியை அறுக்காமல் அளவை மாற்ற முடியாது. "முத்திரை போட்டு வைத்திருக்கிறேன், ஒருத்தரும் பார்க்க மாட்டேன் என்கிறார்களே" என்று அவர் வருத்தப்பட்டார். நேர்மையாக நடப்பவரின் வருத்தம் அது.

தட்டின் அடியில் புளியை உருட்டி ஒட்டுவது, எடைக்கல்லின் அடிப்பக்கத்தைக் குடைந்து ஈயத்தை எடுத்துவிடுவது என்று பழைய தராசுக் காலத்தின் வித்தைகளைப் பாட்டிமார்கள் கதைகதையாகச் சொல்வார்கள். இன்று அதே வேலையைத் தராசுக்குள் இருக்கும் சிறு மின்சுற்று செய்துவிடும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இதற்குத் தண்டனை வைத்திருக்கிறது. ஆனாலும் வாங்குகிற ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் மறுபடி எடைபோட்டுப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் நமக்குப் பதிலாக ஒருவர் பார்த்து முத்திரை குத்துகிறார்.

வணிகத்தில் நடக்கும் முறைகேடுகளை வகைப்படுத்தப் போனால் பட்டியல் நீண்டுகொண்டே போகும்: கலப்படம், எடைக் குறைப்பு, போலிக் கணக்கு, கூலித் திருட்டு, லஞ்சம், ஆசை காட்டிப் பணம் சுருட்டுவது. இவை அனைத்தையும் அந்த ஈய முத்திரையை வைத்தே நான் புரிந்துகொள்கிறேன். ஒவ்வொரு வியாபாரத்திலும் எதிர்த்தரப்பின் கண்ணுக்கு எட்டாத ஓரிடம் உண்டு. முறைகேடு அங்கேதான் குடியேறுகிறது. அந்த இடத்தை நமக்காகப் பார்க்க வேண்டியவர் எங்கே போனார், அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் கேட்க வேண்டும்.

எடை மோசடி என்றதும் கடைக்காரர் ஏமாற்றுவார், வாங்குபவர் ஏமாறுவார் என்றே நினைத்துக்கொள்கிறோம். விற்பவர் ஏமாறும் இடங்களும் உண்டு. தேங்காய் எடுக்க வரும் வியாபாரி எண்ணிக்கைக்கு மேல் 'லாபக்காய்' என்று சில காய்களை விலையில்லாமல் எடுத்துக்கொள்வது தென்னை விவசாயிகளுக்குப் பழகிப்போன வழக்கம். காய்கறி மண்டிகளில் வாங்குபவரிடம் எடுக்க வேண்டிய தரகு விவசாயியின் தொகையிலிருந்தே கழிக்கப்படுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கிறார்கள் என்ற புகார், டெல்டாவில் அறுவடைக்கு அறுவடை எழுகிறது. தக்காளியோடு விடியற்காலையில் மண்டிக்கு வந்தவர் அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போக முடியாது. மழை மேகம் கூடி நிற்கையில் களத்தில் நெல் குவித்தவர் நாளை வருகிறேன் என்று சொல்ல முடியாது. இவர்கள் கண்ணெதிரில்தான் எல்லாம் நடக்கிறது, மறுத்துப் பேசத்தான் வழியில்லை. கண்ணுக்கு எட்டாத இடத்தைப் போலவே கைக்கு எட்டாத இடமும் முறைகேட்டுக்கு உகந்தது.

பொட்டலத்துக்குள் நடப்பது இன்னொரு வகை. விலை அதே பத்து ரூபாய். உறையின் வண்ணம், அளவு எல்லாம் அப்படியே. உள்ளே இருக்கும் கிராம் மட்டும் குறைந்திருக்கும். உறையின் மூலையில் சரியான எடையைச் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பதால் சட்டப்படி குற்றமில்லை. அண்மை ஆண்டுகளில் கிராமுக்கு, மில்லி லிட்டருக்கு என்ன விலை என்பதையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. நல்ல விதி. அந்த எண்ணைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது என்பதுதான் குறை.

உணவுக் கலப்படத்துக்கு வருவோம். வதந்தி அதிகம் உலவும் துறை இது. முட்டைக்கோஸ் பிளாஸ்டிக்கில் செய்தது, அரிசி பிளாஸ்டிக்கில் செய்தது என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் சுற்றுகின்றன. பால் முழுக்க யூரியா என்று நம்புகிறவர்கள் ஏராளம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. உயிருக்குத் தீங்கு செய்யும் கலப்படம் இருந்தவை 12 மாதிரிகள் மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. பூஞ்சை பிடித்த மாட்டுத் தீவனத்திலிருந்து பாலுக்கு வருவது அது. பால் கேனில் யூரியா கொட்டும் திருடனைத் தேடிக்கொண்டிருந்தோம். நச்சு வந்தது தீவன மூட்டை வழியாக. தவறான இடத்தில் பயப்படும் சமூகம் சரியான இடத்தில் கேள்வி கேட்காமல் போய்விடுகிறது.

தேன் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சந்தையில் விற்கும் 13 பிராண்டுகளின் 22 மாதிரிகளைச் சோதித்து முடிவை வெளியிட்டது. இந்தியச் சட்டம் கேட்கும் வழக்கமான சோதனைகளில் பெரிய பிராண்டுகள் அநேகமாகத் தேறிவிட்டன. ஜெர்மனி ஆய்வகத்தில் அணுக்காந்த அதிர்வு முறையில் சோதித்தபோது சர்க்கரைப் பாகு வெளிப்பட்டது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 5 மட்டுமே. சோதனையில் அகப்படாமலிருப்பதற்கென்றே தயாரித்த பாகு சந்தையில் கிடைக்கிறது என்பதையும் அந்த மையம் கண்டறிந்தது. நிறுவனங்கள் சில மறுத்தன. எப்படியிருந்தாலும் கலப்படம் செய்பவர் நம் நாக்கை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. ஆய்வகத்தையும் படித்து வைத்திருக்கிறார். பார்ப்பவரின் கண்ணாடி பழசாகிவிட்டால் முத்திரை இருந்தும் பயனில்லை.

உணவில் ஏமாந்தால் பெரும்பாலும் பணம் போகும், உடம்பு கெடும். மருந்தில் ஏமாந்தால் உயிர் போகிறது. இந்தக் கட்டுரையில் நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற இனிப்பான, நிறமற்ற, மலிவான திரவத்தின் கதையை. குளிரூட்டும் திரவங்களிலும் பிரேக் ஆயிலிலும் பயன்படும் தொழிற்சாலைப் பொருள் அது. சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துக் கொல்லும். சிரப்புகளில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போலவே தோற்றம். மருந்துத் தரத்துக்கு விலை கூட, தொழிற்சாலைத் தரத்துக்கு விலை குறைவு. அந்த விலை வித்தியாசத்தில்தான் குழந்தைகள் செத்துப்போகிறார்கள்.

1937இல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா மருந்தில் இது கலந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. 1972இல் சென்னையில், அன்றைய மதராசில், குழந்தைகள் மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதே நச்சால் இறந்தார்கள். 1986இல் பம்பாயின் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள். அதை விசாரித்த நீதிபதி லென்டின் ஆணையம், கொள்முதல் முதல் உரிமம் வரை புரையோடிய ஊழலைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தது. 2022இல் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள்; மருந்து இந்தியாவில் தயாரானது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பதைக் கண்டறிந்தது. அனுமதித்த அளவு 0.1 சதவீதம்.

பாதிக்குப் பாதி நஞ்சு. புதிய நுட்பம், ஏமாற்றவென்றே செய்த ரசாயனம் என்று எதையும் சாக்குச் சொல்ல முடியாது. இந்த நச்சைக் கண்டுபிடிக்கும் சோதனை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. வாங்கிய மூலப்பொருளை ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. தயாரித்து முடித்த மருந்தைச் சோதிக்க வேண்டும் என்பதும் விதி. செய்யவில்லை, செய்கிறார்களா என்று பார்க்கவும் ஆளில்லை. இறப்புகளுக்குப் பிறகு உரிமம் ரத்தானது, ஆலை மூடப்பட்டது, கைது நடந்தது. சோதனை முன்னால் நடந்திருக்க வேண்டும். சென்னையில் 1972இல் குழந்தைகள் செத்த அதே நச்சு, 53 வருடம் கழித்து அதே மாநிலத்தில் புட்டியில் அடைபட்டு வெளியே போனதை நினைத்தால் எழுதுகிற கை கூசுகிறது.

பணம் சார்ந்த ஏமாற்று வேறு விதமாக வேலை செய்கிறது. அங்கே நஞ்சைக் கொண்டு வருபவர் பக்கத்து வீட்டுக்காரர். 1990களின் நடுவில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் சீட்டுக்கட்டுபோலச் சரிந்தன. அதன் விளைவாக 1997இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சிறப்பு நீதிமன்றங்களும் வந்தன. கதை மட்டும் நிற்கவில்லை. 2012இல் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தன. ஆஸ்திரேலியப் பறவை ஒன்றை வீட்டுக் கொல்லையில் வளர்த்தால் மாதாமாதம் பணம், ஆண்டு முடிவில் போனஸ் என்றார்கள். கறிக்கும் எண்ணெய்க்கும் சந்தை எங்கே என்று கேட்டவர் குறைவு. விளம்பரத்தில் திரை நட்சத்திரங்கள் இருந்தார்கள். நிறுவனத்தார் ஓடிப்போன பிறகு தீவனமில்லாமல் அந்தப் பறவைகள் கூண்டுகளில் வாடியதைக் கொங்கு நாட்டில் பலரும் கண்ணால் பார்த்தார்கள். திருப்பூரில் அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லிச் சுமார் 930 கோடி ரூபாய் திரட்டிய பாசி நிறுவன வழக்கில் இயக்குநர்கள் இருவருக்கு 2022இல் கோவை நீதிமன்றம் 27 ஆண்டு சிறை விதித்தது. அதே 2022இல் ஆருத்ரா நிறுவனத்தின் மோசடி வெளிவந்தது: சுமார் ஒரு லட்சம் பேர், 2,438 கோடி ரூபாய். மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்று ஆசை காட்டியிருந்தார்கள்.

பேராசைப்பட்டார்கள், அனுபவிக்கிறார்கள் என்று இவர்களைப் பற்றிச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. முதல் மாதம் சொன்னபடி பணம் வருகிறது. இரண்டாம் மாதமும் வருகிறது. அதை வாங்கிய அக்கம்பக்கத்தார் சத்தியம் செய்து சொல்கிறார்கள். பணம் வாங்க வந்த ஏஜென்ட் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, கோயில் கமிட்டிக்காரராகவோ இருக்கிறார். கடைசியில் சேர்ந்தவரின் பணத்தை எடுத்து முதலில் சேர்ந்தவருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் புத்தகத்தைப் புரட்டாமல் கண்டுபிடிக்க முடியாது. புத்தகத்தைப் புரட்ட அதிகாரம் உள்ளவர்கள் அலுவலக வாசலில் புகார்க் கூட்டம் கூடிய பிறகே வருகிறார்கள். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2019இல் வந்த பிறகுதான் ஆருத்ராவே பெரிதாக வளர்ந்தது.

கடன் பக்கம் பார்த்தால், 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்றாலும் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற நம் சொற்களையே எடுத்து வைத்துக்கொண்டு வரையறை சொல்கிறது. வேறு மொழியில் அவற்றுக்குச் சொல் கிடைக்கவில்லை போலும். அந்தச் சட்டம் இருக்கையிலேயே 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்தது. இரண்டு பச்சைக் குழந்தைகளும் இறந்தார்கள். புகார் மனுக்கள் அதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தன என்பதுதான் அன்று எல்லோரையும் உலுக்கியது. பின்னால் வந்த கடன் செயலிகள் அதே வேலையைக் கைபேசிக்குள் கொண்டு வந்தன. வாங்கியவரின் தொடர்பு எண்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உறவினர்களுக்கு அவதூறு அனுப்புவது அவர்கள் கண்டுபிடித்த தண்டல் முறை.

பெரிய நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்துக்கு வரும்போது நமக்காகப் பார்ப்பவர் யார் என்ற கேள்வி கூர்மையாகிறது. 2009 ஜனவரி 7 அன்று ஐதராபாத்தின் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்: வங்கியில் இருப்பதாகக் காட்டிய 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. வங்கியில் பணம் இருக்கிறதா என்பதைத் தணிக்கையாளர் வங்கியிடமே நேராகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். உலகப் புகழ்பெற்ற தணிக்கை நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு கையெழுத்துப் போட்டிருந்தது. 2015இல் ராஜுவோடு சேர்த்துத் தணிக்கையாளர்கள் இருவரும் தண்டிக்கப்பட்டார்கள். 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிதி நிறுவனம் சரிந்தபோது அதன் தலையில் 91,000 கோடி ரூபாய் அளவில் கடன் இருந்தது. சரிவதற்குச் சில வாரங்கள் முன்புவரை தர மதிப்பீட்டு நிறுவனங்கள் அதன் கடன் பத்திரங்களுக்கு உச்ச மதிப்பெண் கொடுத்திருந்தன. அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதியும் ஓய்வூதிய நிதியும் அதில் போட்டிருந்தார்கள்.

தணிக்கையாளருக்குக் கட்டணம் கொடுப்பது தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனம். மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கொடுப்பது மதிப்பீடு வேண்டும் நிறுவனம். விடைத்தாள் திருத்துபவருக்கு மாணவரே சம்பளம் கொடுத்து, பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றால் மதிப்பெண் எப்படி இருக்கும்? தனிமனித ஒழுக்கம் பற்றி எத்தனை சொற்பொழிவு நடத்தினாலும் இந்த ஏற்பாடு மாறாதவரை முத்திரையை நம்ப முடியாது. 2018இல் தேசிய நிதி அறிக்கை ஆணையம் உருவாகித் தணிக்கையாளர்களை விசாரிக்கத் தொடங்கியது உருப்படியான காரியம். கட்டணம் போகும் வழி மட்டும் இன்னும் பழைய வழிதான்.

இதே கோளாறு நம் நூற்பாலைகளில் எத்தனை பெண்களின் இளமையைத் தின்றது என்பதைத் தமிழ் வாசகர் மறக்கக் கூடாது. கோவை, திருப்பூர், திண்டுக்கல், விருதுநகர் வட்டாரத்து ஆலைகள் தென் மாவட்டக் கிராமங்களில் துண்டுச் சீட்டு ஒட்டி ஆள் எடுத்தன. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். மங்கலமான பெயருக்குள் இருந்தது என்ன? வெளியே போகத் தடை, இரவுப் பணி, பஞ்சுத் தூசி, பாதியில் நின்றால் மொத்தத் தொகையும் கிடையாது. உழைத்த கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குப் பரிசு என்று பெயர் சூட்டியது. வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் சமூகத் தணிக்கை நடத்தின. தணிக்கைக்காரர் வரும் தேதி முன்கூட்டியே தெரிந்தது. அன்று மட்டும் வேறு பதிவேடு, சொல்லிக் கொடுத்த பதில்.

மாற்றம் வந்த ஓரிடத்தைச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் இளம் தலித் பெண் தொழிலாளி கொலையானார், மேற்பார்வையாளர் கைதானார். அதன் பிறகு தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நடத்திய போராட்டத்தால் 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு வாங்குநர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். வெளியிலிருந்து வரும் தணிக்கைக்காரரை மட்டும் நம்பியிருக்காமல் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்துத் தளத்திலேயே வைத்தார்கள். தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கே பார்க்கும் அதிகாரம். நான் அறிந்த தீர்வுகளில் இதுவே அசலானது.

உட்கார்வது என்றதும் இன்னொன்று. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் புடவை எடுத்துப் போடும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்ததை வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் திரையில் காட்டியது. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் இயற்றியது 2021இல். கேரளம் அதை மூன்று வருடம் முன்பே செய்திருந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது. இன்றும் பல கடைகளில் நாற்காலி மூலையில் இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் முதலாளி முறைக்கிறார்.

செய்தியாகாத, ஆனால் நாடெங்கும் மிகப் பரவலான முறைகேடு எது என்று என்னைக் கேட்டால், கொடுக்க வேண்டிய பணத்தை வேண்டுமென்றே இழுத்தடிப்பதைச் சொல்வேன். கோவைப் பட்டறைகளில் ஜாப் ஒர்க் செய்பவர் இரும்பை வாங்கி, கடைந்து, பில்லோடு அனுப்பிவிடுகிறார். ஜிஎஸ்டியை உரிய நாளில் கட்டிவிடுகிறார். பணம் வர மூன்று மாதம், ஆறு மாதம். போன் செய்தால் 'அக்கவுண்ட்ஸில் கேளுங்கள்'. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. வட்டி கேட்டு மனுப்போட மன்றமும் உண்டு. போட்டவருக்கு அடுத்த ஆர்டர் கிடையாது. அதனால் போடுவதில்லை. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெற முடியாது என்று வருமான வரிச் சட்டம் மாறியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் வாய் திறக்காமலே பெரியவருக்கு வலிக்கும்படி செய்த மாற்றம் இது. வரவேற்கிறேன். பெரிய நிறுவனம் சிறியவரின் பணத்தை வட்டியில்லாக் கடனாகச் சுழற்றுகிறது. சிறியவர் கந்துவட்டிக்கு வாங்கிச் சம்பளம் போடுகிறார். கந்துவட்டிக்காரரைத் திட்டும்போது அவரிடம் ஆளை அனுப்பி வைத்தவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆற்றுக்குச் செய்ததும் வணிக முறைகேடுதான். சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவை மிச்சப்படுத்தி நொய்யலில் விட்டார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயநீர் தேங்கியது; கீழே இருந்த தென்னைகள் கருகின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது திருப்பூர் நின்றுபோனது. வேலை போன தொழிலாளியின் அழுகையும் உண்மை, நிலம் செத்த விவசாயியின் அழுகையும் உண்மை. கழிவே வெளியேறாத முறைக்குப் பின்னர் ஆலைகள் மாறின, முன்பே மாறியிருக்கலாம். கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. நிறுவனம் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் ஒப்பந்தத்துக்கு வந்தது 2016இல். அதற்குள் பதினைந்து வருடம்.

லஞ்சத்தைப் பற்றித் தொழில் செய்பவர்களிடம் பேசினால் ஒரே பதில்: கொடுக்காவிட்டால் எதுவும் நகராது. அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. சென்னையில் வளாகம் கட்ட அனுமதி பெற 2014இல் 20 லட்சம் டாலர் லஞ்சத்துக்கு ஒப்புதல் கொடுத்த விவகாரத்தில் காக்னிசன்ட் நிறுவனம் 2019இல் அமெரிக்காவில் இரண்டரைக் கோடி டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. கேட்டவர் இங்கே, தண்டம் கட்டியது அங்கே. 2018இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் குற்றமில்லை. புகார் செய்துவிட்டு அதே மேசைக்கு அடுத்த கோப்போடு போக வேண்டியவரின் நிலையைச் சட்டம் நினைக்கவில்லை. கொடுப்பவர் எல்லோரும் ஒன்றல்ல. கடைக்கு உரிமம் புதுப்பிக்க ஐந்நூறு கொடுப்பவரையும், ஏரிக்குள் கட்டடம் எழுப்ப ஐந்து கோடி கொடுப்பவரையும் ஒரே சொல்லால் குறிப்பது அநியாயம்.

இணைய வணிகத்தின் வித்தைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'இன்னும் இரண்டுதான் இருக்கிறது' என்ற பொய் அவசரம், கேட்காமல் கூடையில் விழும் நன்கொடை, சேர ஒரு பொத்தானும் விலகப் பத்துப் பக்கமும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி 13 வகைகளை வரையறுத்துத் தடைசெய்தது. உங்கள் கைபேசியைத் திறந்தால் அவற்றில் பல இன்றும் இருக்கின்றன.

முத்திரை உண்மையாகவே வேலை செய்த இடமும் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தங்கத்தின் மாற்றில் ஏமாந்தோம். பழைய நகையைக் கொண்டுபோனால்தான் செம்பு எவ்வளவு என்று தெரியும். 2021 ஜூன் முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க அடையாள எண் இல்லாமல் நகை விற்கக் கூடாது என்றானது. அந்த எண்ணைச் செயலியில் தட்டினால் எந்தக் கடை, எந்த மையம், என்ன மாற்று என்று வாங்குபவரே பார்த்துவிடலாம். மாற்றில் ஏமாற்றுவது கடினமாகிவிட்டதால் சிலர் சேதாரத்திலும் செய்கூலியிலும் எடுத்துக்கொள்கிறார்கள். அதையாவது பேரம் பேசலாம். மருந்துப் புட்டியிலும் இப்படி ஓர் எண் வேண்டும். எந்தத் தொகுதி, எந்த நாளில், எந்த ஆய்வகத்தில் சோதித்தது, முடிவு என்ன என்று தாய்மார்கள் தட்டிப் பார்க்க வேண்டும். நகைக்குச் செய்ய முடிந்ததைக் குழந்தையின் மருந்துக்குச் செய்ய முடியாதா?

கடைசியாக என் வீட்டுக் கதை. என் சித்தி ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை வைப்பு நிதியில் போட வங்கிக்குப் போனார். முப்பது வருடம் கணக்கு வைத்திருக்கும் கிளை. அங்கிருந்த இளைஞர் 'இதுவும் டெபாசிட் மாதிரிதான் அம்மா, வட்டி கூட' என்று சொல்லிப் பல தாள்களில் கையெழுத்து வாங்கினார். ஒரு வாரம் கழித்துத் தபாலில் வந்தது, பத்து வருடம் பிரீமியம் கட்ட வேண்டிய காப்பீட்டுப் பத்திரம். அந்த இளைஞரை நான் சந்தித்தேன். மாத இலக்கு முடியவில்லை என்றால் தன் வேலை போய்விடும் என்றார். பொய்யாகத் தெரியவில்லை. அவருக்கு இலக்கு வைத்தவர் எந்த வாடிக்கையாளரின் முகத்தையும் பார்த்ததில்லை. பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்ற விதி இருப்பதால் பணம் திரும்பி வந்தது. சித்தி அந்தத் தாள்களைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. வங்கி என்றால் தப்பு நடக்காது என்று நம்பினார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சித்தியோ அப்பாவோ இருப்பார்கள். இந்த வாரமே அவர்களோடு உட்கார்ந்து பீரோவில் இருக்கும் பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துப் பாருங்கள். 30 நாள் தாண்டவில்லை என்றால் உடனே திருப்பிக் கொடுங்கள். தாண்டிவிட்டது என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.